மஞ்சள் அணி மேனேஜரின் தலைவலிகள்

எனக்குக் கால்பந்து ஆட வராது. நான் உதைத்தால் பந்து இருந்த இடத்திலேயே இருக்கும், ஷூதான் பறக்கும். ஒருமுறை அது நடுவரின் முதுகில் போய் விழுந்தது. அன்றைக்குத்தான் சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உனக்குக் காலை விட வாய் நல்லா வேலை செய்யுது. இனிமே நீ ஆட வேண்டாம். நீதான் மேனேஜர்."

சித்தி எங்கள் மஞ்சள் அணியின் பயிற்சியாளர். அது மாலை வேலை. மற்ற நேரத்தில் அவர் லிஃப்ட் மெக்கானிக். பயிற்சி நடக்கும்போதே போன் வரும். எங்கேயோ யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். சித்தி கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார். மிச்சமெல்லாம் என் தலையில்.

மேனேஜர் என்றதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

எங்கள் குடியிருப்பில் எல்லா ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். கதவுக்குக் கதவு ஒரு பழக்கம். பயிற்சிக்கு ஒரு நாள் பார்த்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டேன். வெள்ளிக்கிழமை என்றால் கோல்கீப்பர் பூட்டு வர மாட்டான். அவன் வீட்டில் அன்றைக்கு வழிபாடு. சனிக்கிழமை என்றால் இரட்டையர் வர மாட்டார்கள். அவர்கள் வீட்டில் அன்றைக்கு எந்த வேலையும் கூடாது, பந்தை உதைப்பதும் வேலைதானாம். ஞாயிறு காலை கேப்டன் ஸ்பீக்கருக்கு ஆகாது. அவள் குடும்பத்தோடு போய்ப் பாட வேண்டும். அவள் பாடினால் அடுத்த தெருவுக்கும் சேர்த்துக் கேட்கும், அதனால்தான் அந்தப் பெயர்.

சரி, புதன்கிழமை என்றேன். புதன்கிழமை மைதானத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள்.

ஒருவழியாகத் திங்களும் வியாழனும் என்று முடிவாயிற்று. அடுத்தது உடை. ஸ்பீக்கர் முழுக்கால் சட்டைதான் போடுவாள். ஒருவன் தலையில் துணி கட்டாமல் வெளியே வர மாட்டான். எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றார்கள் லீக் ஆபீசில். "நிறம் மஞ்சள். நீளம் அவங்கவங்க வீட்டு விஷயம்" என்று நான் அங்கே நின்று கத்தினேன். என் சத்தம் தாங்காமல் ஒத்துக்கொண்டார்கள்.

பிறகு சாப்பாடு. ஆட்டம் முடிந்தால் பசிக்கும் அல்லவா? ஒரு வீட்டில் முட்டை ஆகாது. ஒரு வீட்டில் மண்ணுக்கு அடியில் விளைந்தது ஆகாது. ஒரு வீட்டில் எந்தப் பாத்திரத்தில் சமைத்தது என்று தெரிந்தாக வேண்டும். நான் தலையைப் பிய்த்துக்கொண்டு, "எல்லாருக்கும் ஆரஞ்சுப் பழம், அவ்வளவுதான்" என்றேன்.

"கொட்டை இல்லாத ஆரஞ்சா?" என்று கேட்டான் எங்கள் அணியின் நெட்டை.

அது எந்த வீட்டுப் பழக்கமும் இல்லை. வெறும் சோம்பேறித்தனம்.

இப்படி எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டு நான் மூச்சு விட்ட நேரத்தில்தான் புதுசு வந்து சேர்ந்தாள்.

தெருமுனையில் துணி தேய்க்கும் கடை இருக்கிறது. அதை நடத்த ஒரு குடும்பம் புதிதாக வந்திருந்தது. அந்த வீட்டுப் பெண். மெதுவாகத்தான் பேசுவாள், ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்து வைப்பாள். ஆனால் ஓட ஆரம்பித்தால் கண்ணால் தொடர்ந்து பார்ப்பதே கஷ்டம். முதல் நாள் பயிற்சியில் அவள் பின்னால் ஓடிய இரட்டையர் இருவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"இந்த வருஷம் நமக்குத்தான்" என்றாள் ஸ்பீக்கர். தெருவுக்கே கேட்டது.

முதல் ஆட்டம் பச்சைச் சட்டைகளோடு. புதுசு பந்தை வாங்கினாள், இரண்டு பேரைத் தாண்டினாள், எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். அந்த நேரம் பார்த்து அவளுக்குப் பின்னால் ஒரு பச்சைச் சட்டை கால் தடுக்கி விழுந்தான்.

புதுசு நின்றாள். திரும்பினாள். பந்தை அங்கேயே விட்டுவிட்டுப் போய், விழுந்தவன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பச்சைச் சட்டைகள் பந்தை எடுத்துக்கொண்டு போய்க் கோல் போட்டார்கள். அதற்குள் விழுந்தவன் எழுந்துவிட்டான், புதுசும் எழுந்தாள். ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓட ஆரம்பித்தாள்.

ஏதோ பதற்றத்தில் செய்துவிட்டாள் என்று நினைத்தோம். அப்படியில்லை. யார் விழுந்தாலும் நின்றாள். பயிற்சியில் எங்கள் நிதானம் தன் ஷூ லேஸையே மிதித்துக்கொண்டு விழுந்தபோதும் நின்றாள். நிதானம் ஒரு நாளைக்கு எத்தனை முறை விழுவான் என்று உங்களுக்குத் தெரியாது. அவன் எங்கள் அணியிலேயே மெதுவானவன். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அவன் ஓடி முடிப்பதற்குள் ஆட்டமே திசை மாறிவிடும்.

விஷயம் மற்ற அணிகளுக்கும் தெரிந்துபோயிற்று. அடுத்த ஆட்டத்தில் சிவப்புச் சட்டைகள் புதுசு பக்கத்தில் வந்து வந்து விழுந்தார்கள். காற்றே இல்லாமல் விழுந்தார்கள். ஒருவன் விழுந்து படுத்துக்கொண்டு சிரித்தான். அவள் அவன் பக்கத்திலும் போய் உட்கார்ந்தாள். மூன்று கோல் வாங்கினோம்.

எனக்கு வந்த கோபத்தில் தண்ணீர் பாட்டிலை நசுக்கிவிட்டேன். அது பூட்டின் பாட்டில்.

"அவன் நடிக்கறான், தெரியலையா உனக்கு?" என்று கேட்டேன்.

"தெரியும்" என்றாள் புதுசு.

"அப்புறம் ஏன் நின்ன?"

"சில பேர் நடிக்கல. எது நடிப்புன்னு பாக்கறதுக்குள்ள..." அவள் வார்த்தை தேடினாள். கிடைக்கவில்லை. "கால் நின்னுடுது" என்றாள்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. மைதானக் காவலர் வந்து இன்னொரு குண்டைப் போட்டார். மைதானத்தில் மாலை நேரம் ஒன்றுதான் மிச்சம் இருக்கிறதாம். அதற்கு நாங்களும் நீலச் சட்டைகளும் போட்டி. வருகிற ஞாயிறு மதியம் இரண்டு அணியும் ஆட வேண்டும். ஜெயிக்கிற அணிக்கு மைதானம். தோற்ற அணிக்கு ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றால் எங்களுக்குக் குடியிருப்பின் பின்னால் உள்ள வண்டி நிறுத்தும் இடம்தான். அங்கே ஆடினால் பாதி நேரம் கார்களுக்கு அடியில் தவழ்ந்து பந்தை எடுப்பதிலேயே போய்விடும். மீதி நேரம் கார்க்காரர்களிடம் திட்டு வாங்குவதில் போய்விடும்.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் ஸ்பீக்கர் எல்லோரையும் கூட்டினாள்.

"அவ வேண்டாம்" என்றாள். "ஆறு பேரோடயே ஆடிக்கலாம்."

"ஏழு பேர் ஆடற ஆட்டம் இது" என்றேன்.

"அவ இருந்தாலும் ஆறு பேர்தான். அவதான் எப்பவும் உக்காந்திருக்காளே."

இரட்டையர் தலையாட்டினார்கள். பூட்டு தரையைப் பார்த்தான். நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி பந்துகளை வலைப்பைக்குள் போட்டுக்கொண்டே, "மேனேஜர் சொல்லட்டும்" என்று ஒரேயடியாகக் கை கழுவினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் புதுசு எழுந்தாள். அவள் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள், ஆனால் ஸ்பீக்கர் பேசினால் யாருக்குத்தான் கேட்காது? உள்ளே போட்டிருந்த பனியனோடு நின்றுகொண்டு, மஞ்சள் சட்டையைக் கழற்றி மடித்தாள். கையை உள்ளே மடக்கி, காலரை நிமிர்த்தி, கடையில் மடிப்பது போல மடித்து என் கையில் கொடுத்தாள்.

"நான் வரல" என்றாள். "நீங்க ஜெயிங்க."

அவள் மடித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு நேர்த்தியாக மடித்துக் கொடுத்தால், அதைத் திரும்ப வாங்கப் போவதில்லை என்று அர்த்தம். எல்லோர் மேலும் எரிச்சலாக இருந்தது. புதுசு மேல், ஸ்பீக்கர் மேல், கை கழுவிய சித்தி மேல்.

வீட்டுக்குப் போகும் வழியில் சித்தியின் போன் அடித்தது. வேறென்ன, லிஃப்ட்தான். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அது ஒரு பெரிய கட்டடம். லிஃப்ட் நடுவழியில் நின்றிருந்தது. உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தார். வெளியே ஏழெட்டுப் பேர் கதவைத் தட்டிக்கொண்டு, ஆளுக்கொரு யோசனை கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் போங்க" என்றார் சித்தி. "ஒரே ஒருத்தர் கதவுகிட்ட நின்னு பேசிட்டே இருந்தா போதும். உள்ள இருக்கறவருக்குத் தனியா இருக்கோம்னு தோணக் கூடாது. அவ்வளவுதான்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ நில்லு. உனக்குத்தான் வாய் இருக்கே" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் படியேறிவிட்டார். மோட்டார் அங்கேதான் இருக்கிறதாம்.

நான் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கதவோடு என்னதான் பேசுவது?

"யாராவது இருக்கீங்களா?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"நான் இருக்கேன் அங்கிள். லிஃப்ட் சரி பண்றவங்களோட அக்கா பொண்ணு."

"போயிடாதம்மா."

"போகல."

சும்மா நிற்க முடியுமா? என் வயிற்றெரிச்சலை எல்லாம் அவரிடம் கொட்டினேன். வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை, ஆரஞ்சு, மஞ்சள் சட்டை, புதுசு எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு வாங்குவதற்காக நான் நிறுத்தினால் போதும், "இருக்கியாம்மா?" என்று கேட்டுவிடுவார். எனக்குக் கால் வலித்தது, பசித்தது. ஆனால் அந்தக் குரலைக் கேட்ட பிறகு அங்கிருந்து நகர முடியவில்லை.

"விழுந்தவங்க பக்கத்துல போய் உக்காந்துக்கற பொண்ணையா நீங்க வேண்டாங்கறீங்க?" என்றார் அவர்.

"ஆமா அங்கிள்."

"எனக்கு அந்தப் பொண்ணு வேணும்போல இருக்கேம்மா."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. ஏழெட்டுப் பேர் வேண்டாம், ஒருத்தர் போதும் என்று சித்தி சொன்னார். அந்த ஒருத்தராகச் சித்தி நிற்கவில்லை. சித்திக்கு வேறு வேலை இருந்தது. நிற்பதற்கு நான் போதும், எனக்கு மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றாலும்.

லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கிவிட்டுக் கீழே வந்தது. கதவு திறந்தது. அந்த அங்கிள் வேர்த்து வழிந்தபடி வெளியே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அவரிடம் சரியாகக்கூடப் பேசாமல் துணி தேய்க்கும் கடைக்கு ஓடினேன்.

கடையில் புதுசின் அம்மா தேய்ப்புப் பெட்டியோடு நின்றிருந்தார். புதுசு ஒரு மூலையில் சட்டைகளுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். என் கையில் மஞ்சள் சட்டையைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றேன். "விழுந்தவங்க பக்கத்துல நீயேதான் இருக்கணுமா? வேற யாராவது இருந்தா போதுமா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அவர்கள் மொழியில் இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"யாராவது இருந்தா போதும்" என்றாள் புதுசு. "தனியா விடக் கூடாது. அவ்வளவுதான்."

"அடிப்பாவி. இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"யாரும் கேக்கலையே."

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் சொன்னது உண்மை. ஏன் நிற்கிறாய் என்று எல்லோரும் திட்டினோமே தவிர, யாரும் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

"எங்க ஊர்ல வழி எல்லாம் செங்குத்து" என்றாள் அவள், மெதுவாக. "ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். விழுந்தவங்கள விட்டுட்டு முன்னால போனா, திரும்பி வரும்போது அவங்க அங்க இருக்க மாட்டாங்க. அதனால யாராவது ஒருத்தர் உக்காரணும். உக்காந்தவங்க அதை மத்தவங்ககிட்ட வாயால சொல்லணும். சும்மா பக்கத்துல நின்னா கணக்கில்ல."

"என்னன்னு சொல்லணும்?"

அவள் தன் மொழியில் ஏதோ சொன்னாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு எங்கள் மொழியில் சொன்னாள். "நான் இருக்கேன், நீ போ."

சனிக்கிழமை இரட்டையர் வர முடியாது என்பதால், ஞாயிறு மதியம் ஆட்டத்துக்கு முன்பே எல்லோரையும் மைதானத்துக்கு வரச் சொன்னேன். புதுசு என் பின்னால் நின்றாள். அவளுக்குப் பதில் வேறொருவர் உட்காரும் திட்டத்தைச் சொல்லி முடித்ததும் ஸ்பீக்கர் இடுப்பில் கை வைத்தாள்.

"அவ ஒருத்திக்காக நாம எல்லாரும் ஏன் மாறணும்?"

அவ்வளவுதான், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பூட்டுக்காக வெள்ளிக்கிழமை போச்சு. அப்ப நீ கேட்டியா? இவங்க ரெண்டு பேருக்காக சனிக்கிழமை போச்சு. ஞாயித்துக்கிழமை காலைல உனக்குப் பாட்டு, அதனாலதான் இந்த ஆட்டமே மதியம். உன்னோட முழுக்கால் சட்டைக்காக லீக் ஆபீசுல கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிச்சு. நெட்டைக்கு ஆரஞ்சுல கொட்டை இருக்கக் கூடாது. இவளுக்கு நாலு வார்த்தை வேணும். நாலே நாலு வார்த்தை. சொன்னா பல்லு கொட்டிடுமா?"

ஸ்பீக்கர் வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"யார் உக்காரறது?" என்று கேட்டான் பூட்டு.

"நான் உக்காரறேன்" என்றான் நிதானம். "நான் ஓடினாலும் உங்களுக்கு ஒண்ணுதான், உக்காந்தாலும் ஒண்ணுதான்."

அதை அவனே சொன்னதால் நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. புதுசு மட்டும் சிரித்தாள். அப்புறம் மஞ்சள் சட்டையை வாங்கித் தலை வழியாக மாட்டிக்கொண்டாள்.

நீலச் சட்டைகள் வந்தார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் கழுத்தில் இரண்டு விசில் தொங்கும். எதற்கு இரண்டு என்று தெரியாது. நடுவர் ஒரு பல் டாக்டர். யார் அலறினாலும் அசர மாட்டார், அலறல் கேட்பதுதான் அவர் தொழிலே.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு நீலச் சட்டை புதுசு பக்கத்தில் வந்து, "ஐயோ கால்" என்று விழுந்தான். புதுசு நின்றாள். நிதானம் தன்னால் முடிந்த வேகத்தில் வந்தான். நான் கோட்டுக்கு வெளியே நின்று நகத்தைக் கடித்தேன். அதற்குள் பந்து போய்விட்டது. நீலச் சட்டைகளுக்கு ஒரு கோல்.

"பாத்தியா?" என்றாள் ஸ்பீக்கர், என்னைப் பார்த்து.

"அவன் தூரத்துல நின்னா எப்படி? நிதானம், நீ அவ கூடவே நில்லு" என்று நான் கத்தினேன்.

இடைவேளையில் சித்தியின் போன் அடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இப்பவுமா சித்தி?"

"ரெண்டு குழந்தைங்க மாட்டிட்டிருக்காங்க கண்ணு. நீ பாத்துக்கோ." சித்தி போய்விட்டார்.

இரண்டாவது பாதியில் நிதானம் புதுசுக்குப் பக்கத்திலேயே நின்றான். மறுபடி ஒரு நீலச் சட்டை விழுந்தான். நிதானம் அவன் தோளில் கை வைத்து, "நான் இருக்கேன், நீ போ" என்றான். புதுசு பறந்தாள். நெட்டைக்குப் பந்து போயிற்று, நெட்டை தலையால் முட்டினான். ஒன்றுக்கு ஒன்று.

விழுந்தவன் எழுந்து ஓடப் பார்த்தான். நிதானம் விடவில்லை.

"உடனே எழுந்திரிக்காத, தலை சுத்தும். எங்க வலிக்குது? இங்கயா? முட்டியை மடக்கு பாக்கலாம். இப்ப நீட்டு. தண்ணி குடிக்கறியா?"

"எனக்கு ஒண்ணும் இல்லடா."

"அடி பட்டவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. படு."

நிதானம் இதைக் கேலிக்காகச் செய்யவில்லை. அவனுக்கு நிஜமாகவே கவலை. அவர்கள் பக்கம் விழுகிறவன் நல்ல ஓட்டக்காரன், எங்கள் பக்கம் உட்காருகிறவன் நிதானம். விழ விழ நஷ்டம் யாருக்கு? இது புரிய நீலச் சட்டைகளுக்கு இன்னும் இரண்டு மூன்று பேர் விழ வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு மஞ்சள் சட்டை, "நான் இருக்கேன், நீ போ" என்றது. ஒருமுறை ஸ்பீக்கரே சொன்னாள். விழுந்தவன் காதைப் பொத்திக்கொண்டான்.

அதன் பிறகு யாரும் வேண்டுமென்று விழவில்லை. ஆட்டம் ஆட்டமாக நடந்தது. ஆனால் கோல் மட்டும் விழவில்லை.

முடியப் போகிற நேரம். எங்கள் ஆட்கள் எல்லோரும் முன்னால் ஏறி வந்திருந்தார்கள். பின்னால் பூட்டு மட்டும்தான். புதுசு ஓரமாகப் பந்தோடு ஓடினாள், அந்த வேகத்தில் நிதானத்தை விட்டு எவ்வளவோ தூரம் வந்துவிட்டாள். குறுக்கே நீலச் சட்டைக் கேப்டனின் தம்பி வந்தான். மைதானத்திலேயே சின்னப் பையன் அவன்தான். தோளும் தோளும் இடித்தன. அவன் முகம் குப்புற விழுந்தான்.

அவன் கத்தவில்லை. நிஜமாக வலிக்கிறவர்கள் முதலில் கத்துவதில்லை. அதனால்தான் எனக்குத் தெரிந்தது.

புதுசு பந்தை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பந்து மெல்ல உருண்டு போயிற்று. நிதானம் ஓடி வந்துகொண்டிருந்தான், அவன் ஓட்டம்தான் உங்களுக்குத் தெரியுமே. பந்துக்கு இரண்டடி தூரத்தில் நின்றது நீலச் சட்டைக் கேப்டன். அவன் ஒரு உதை விட்டால் போதும், பூட்டைத் தவிர எங்கள் பக்கத்தில் தடுக்க ஆள் இல்லை. மைதானம் போச்சு. இனி அவளை அணியில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஸ்பீக்கரிடம் நான் எந்த முகத்தோடு பேசுவேன்? நான் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

கேப்டன் பந்தைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான். தம்பியின் முட்டியில் ரத்தம்.

அவன் பந்தைத் தாண்டி ஓடினான். தம்பியின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, புதுசிடம் சொன்னான்.

"நான் இருக்கேன், நீ போ."

புதுசு போனாள். நீலச் சட்டைக் கோல்கீப்பர் தன் கேப்டனையே பார்த்துக்கொண்டு நின்றான், பந்து அவனைக் கடந்து போனதைப் பார்க்கவில்லை.

நடுவர் விசில் ஊதினார். கோல் என்று கையைக் காட்டிவிட்டு, விழுந்த பையனிடம் ஓடிப்போய்ப் பழக்க தோஷத்தில் "வாயைத் திற" என்றார்.

நாங்கள் ஜெயித்துவிட்டோம். மைதானம் எங்களுக்கு. இரட்டையர் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் குதித்தார்கள். ஸ்பீக்கர் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த பறவைகள் கிளம்பிப் போயின. "எங்க அவ? புதுசு எங்க? அவளைத் தூக்குங்கடா" என்று கத்தினாள்.

புதுசைக் காணோம்.

மைதானத்தின் அந்தப் பக்கம் பார்த்தேன். நீலச் சட்டைப் பயிற்சியாளர் கேப்டனை நிற்க வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"யாருக்குடா ஆடற நீ? காலடியில பந்து இருக்கு, நீ பாட்டுக்குப் போய் உக்காந்துக்கற. அந்தப் பொண்ணைப் போன்னு வேற சொல்ற."

"தம்பி விழுந்துட்டான் சார். வாயில வந்துடுச்சு சார்."

"என்னடா வந்துடுச்சு?"

கேப்டனின் அணிக்காரர்கள் எல்லோரும் தூரமாகப் போய் நின்றுகொண்டார்கள். அவன் பக்கத்தில் நின்றது புதுசு மட்டும்தான். சும்மா நின்றாள்.

இங்கே அவளுக்காக ஒரு கூட்டமே காத்துக்கொண்டிருக்கிறது. அவளோ அங்கே போய் வாங்காத திட்டுக்கெல்லாம் பங்கு கேட்டு நிற்கிறாள். எனக்கு ஆயாசமாக வந்தது. மைதானத்தைக் குறுக்கே கடந்து போனேன். அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"நான் இருக்கேன், நீ போ" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஓடினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஸ்பீக்கரின் கூச்சல் கேட்டது, அவளைத் தூக்கிவிட்டார்கள் போல.

நான் கேப்டனின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பயிற்சியாளர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ யாரும்மா?"

"மஞ்சள் அணி மேனேஜர் சார்."

"இங்க உனக்கென்ன வேலை?"

"இதான் சார் வேலை. நீங்க திட்டுங்க, நான் சும்மா நிக்கறேன்."

அவர் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். பக்கத்தில் ஒருத்தி நின்று கேட்டுக்கொண்டிருந்தால் திட்டுவது கஷ்டம் போலிருக்கிறது. இரண்டு விசில்களையும் கையில் பிடித்து உருட்டினார்.

"தம்பிக்கு எப்படிடா இருக்கு?" என்று கேட்டார்.

"பரவால்ல சார்" என்றான் கேப்டன்.

அதை அவர் முதலிலேயே கேட்டிருந்தால் நான் எப்போதோ வீட்டுக்குப் போயிருப்பேன்.